வடகரைச் சரித்திரம் – 14: பூசை நேரமும் கடல் நேரமும்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை காண வேண்டும், அன்று கூலி வேலைகளை விட்டு ஓய்ந்திருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபை தன் மக்களுக்கு விதித்த கடமைகளில் முதன்மையானது. காசிமேட்டில் ஞாயிறு எப்படிப்பட்ட நாள் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சனி இரவிலேயே லாஞ்சுகள் வரிசையாக வந்து அணைகின்றன. விடிவதற்குள் ஏலம் சூடுபிடித்துவிடும். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, இறால் என்று தரையெல்லாம் மீன் கிடக்க, பாதி நகரம் பையோடு வந்து நிற்கும். வாரத்தில் கரைக்கு அதிகக் காசு வருவதும் அன்றுதான், கோயில் மணி கட்டாயமாகக் கூப்பிடுவதும் அன்றுதான்.

சென்ற வாரம் துறைமுகச் சுவர்கள் எழும்பி மசூலாப் படகுக்காரர்களின் பிழைப்பு குறைந்த கதையைப் பார்த்தோம். அந்தப் படகுக்காரர்கள் எதை நம்பினார்கள், எப்படிக் கும்பிட்டார்கள் என்பது இந்த வாரத்துக் கதை. வடசென்னையில் கத்தோலிக்கம் வேர்பிடித்ததை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாமியார்களின் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிக் கதை என்பது என் கருத்து. கடலுக்குப் போகிற ஆட்கள் இந்த மதத்தைத் தங்கள் வேலை நேரத்துக்குள் வாழ்ந்து காட்டினார்கள். ரோமாபுரியின் சட்டம் பல விஷயங்களில் அவர்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுதான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது. ஆணி அடித்த படகு சென்னை அலையில் மோதி உடையும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இந்தப் படகுகளை ஓட்டியவர்களில் குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கத்தோலிக்கர்கள் முக்கியமானவர்கள். கோட்டையை ஒட்டிய கரையிலிருந்து வடக்கே வந்து குடியேறிய அவர்கள், 1820களின் இறுதியில் தங்கள் செலவில் எழுப்பிய கோயில்தான் ராயபுரம் ராயப்பர் கோயில். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ராயப்பர் என்று அழைத்துவந்தார்கள். ஊருக்குப் பெயரும் அங்கிருந்தே வந்தது.

படகுக்காரர்கள் ராயப்பரைத் தேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கலிலேயாக் கடலில் வலை போட்டவர், இரவெல்லாம் பாடுபட்டு ஒன்றும் அகப்படாமல் கரை திரும்பியவர், தண்ணீரில் நடக்கப் போய்ப் பயந்து மூழ்கத் தொடங்கியவர். சுவிசேஷத்தில் வேறெந்தச் சீடருக்கும் இத்தனை கடல் அனுபவம் சொல்லப்படவில்லை. அதே மனிதரின் கையில்தான் மோட்சத்தின் திறவுகோல்களை ஆண்டவர் கொடுத்தார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பாப்பரசரின் அதிகாரம் முழுவதும் அந்தத் திறவுகோல் மேல்தான் நிற்கிறது. மீன்பிடிக்கிற ஒருவர் திருச்சபைக்கே தலைவர் என்பது கடற்கரையில் சொல்லிக்காட்ட வேண்டிய உபதேசமாக இருக்கவில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிலை, தேர், சப்பரம், கொடியேற்றம் இவைதான் கண்ணில் படும். நம்பிக்கையின் நடு எலும்பு வேறிடத்தில் இருக்கிறது. ஞானஸ்நானம் தொடங்கி அவஸ்தைப்பூசுதல் வரை ஏழு தேவதிரவிய அனுமானங்கள் உண்டு. இன்று அவற்றைத் திருவருட்சாதனங்கள் என்கிறோம். பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், குரு அப்பத்தின் மேல் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொல்வதும், சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுவதும் வெறும் அடையாளச் சடங்குகளாக அங்கே கருதப்படுவதில்லை. அவை குறிக்கிற அருளை அவையே தருகின்றன. அப்பம் அப்பமாகத் தெரிந்தாலும் அது சேசுநாதரின் உடல். புனிதர்களுக்குச் செய்வது வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும். ராயப்பரிடம் கேட்பது, எங்களுக்காக ஆண்டவரிடம் மன்றாடும் என்று.

இந்த ஏழில் பெரும்பாலானவற்றுக்குக் குரு வேண்டும். கடற்கரைக்குக் குரு எப்போதும் கிடைத்ததில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் எதிர்கொண்ட முதல் சிக்கலும் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கு அடிப்படைச் செபங்களைச் சொல்லித்தர ஆள் இல்லை. அவர் தமிழ் தெரிந்தவர்களை வைத்து விசுவாச மந்திரத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் எழுதச் செய்து மனப்பாடம் பண்ணினார். தெருத் தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார், பிள்ளைகளிடம் வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவருக்குப் பின் வந்த அன்ரிக்கே அன்ரிக்கசு 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்த வேலையின் தொடர்ச்சி. இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் கடலோர மக்களின் செபப்புத்தகம் என்பதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

சென்னைக் கரைக்கும் இந்த முறையே வந்தது. பீடத்தில் குரு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைப்பார். கீழே உட்கார்ந்திருக்கும் சனங்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் எல்லோரும் தலைகுனிவார்கள், நற்கருணை உயர்த்தப்படுகிறது என்று அர்த்தம். குரு இல்லாத நாளில் உபதேசியார் செபம் சொல்லி வைப்பார், கோயில்பிள்ளை விளக்கேற்றி மணி அடிப்பார். சாகிற நேரத்தில் சாமியார் வந்துசேர முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மனஸ்தாப மந்திரத்தைக் காதில் சொல்லுவார். இவை எல்லாம் திருச்சபை ஏற்றுக்கொண்ட வழிகள்தாம். ஆனால் அவற்றை நாள்தோறும் நடத்தி உயிரோடு வைத்தவர்கள் பொதுச் சனங்கள்.

நற்கருணை உபவாசம் ஒன்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவு முதல் எதுவும் உண்ணக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது பல நூற்றாண்டுச் சட்டம். வயலில் வேலை செய்கிறவனுக்கு அது பெரிய பாரமில்லை. அவன் தூங்கி எழுந்து நேரே கோயிலுக்குப் போகலாம். இரவு இரண்டு மணிக்குக் கட்டுமரம் தள்ளுகிறவன் நிலை வேறு. காற்றும் உப்பும் நாக்கை உலர்த்த, வலையை இழுத்து, அலையோடு மல்லாடிக் கரைசேரும்போது சூரியன் ஏறியிருக்கும். குடத்துத் தண்ணீரை அவன் தொட்டிருந்தால் அன்று நற்கருணை இல்லை. அக்காலத்தில் பூசையும் காலையில்தான் உண்டு, மாலைப் பூசை கிடையாது. இரவில் பிழைக்கிற ஆண்கள் நற்கருணை வாங்குவது அருகியதற்குப் பக்திக் குறைவைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை கணக்கில் எடுக்கட்டும். 1953-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீரை விலக்கிலிருந்து எடுத்தார், மாலைப் பூசைக்கும் வழிவிட்டார். 1957-ல் உபவாசம் மூன்று மணி நேரமாயிற்று. 1964-ல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார். பதினோரு ஆண்டுக்குள் இப்படித் தளர்ந்த சட்டத்துக்குக் கடற்கரையில் எத்தனை தலைமுறைகள் காத்திருந்தன!

இனி ராயபுரத்தை உலுக்கிய சண்டைக்கு வருவோம். மதம் ஒன்று, பூசை ஒன்று, செபம் ஒன்று, ஆனால் ஒரே ஊரில் இரண்டு ஆயர் அதிகாரங்கள்.

போர்த்துக்கல் அரசர் கிழக்கு நாடுகளில் கோயில் கட்டவும் குருக்களை அனுப்பவும் பொறுப்பேற்றார். பதிலாக ஆயர்களைப் பரிந்துரைக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. இதற்குப் பதுரவாதோ என்று பெயர். 1606-ல் தொடங்கிய மயிலாப்பூர் மறைமாவட்டம் இதன் கீழ் வந்தது. போர்த்துக்கல் நலிந்தபோது, 1622-ல் ரோமாபுரி தன் நேரடிக் கண்காணிப்பில் விசுவாசப் பரம்புதல் சபையை நிறுவியது. அதன் ஆட்களாகத்தான் கப்புச்சின் சாமியார்கள் சென்னைக்கு வந்தார்கள். 1642-ல் கோட்டைக்குள் பூசை வைக்கத் தொடங்கிய எப்பிரேம் சாமியாரை, 1649-ல் போர்த்துக்கல் தரப்பினர் மயிலாப்பூருக்கு வரவழைத்துப் பிடித்துக் கோவாவின் விசாரணைச் சபைக்குக் கொண்டுபோய்ச் சிறைவைத்தார்கள். பிறகு வந்த இருநூறு ஆண்டுப் பகையின் முதல் அத்தியாயம் அது.

1832-ல் ரோமாபுரி சென்னைக்கெனத் தனி அப்போஸ்தலிக்க விக்காரியத்தை அமைத்தது, அயர்லாந்துக்காரரான தானியேல் ஓக்கொன்னர் விக்காரியராக வந்தார். 1838 ஏப்ரல் 24 அன்று பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் ‘முல்தா பிரெக்ளாரே’ என்ற ஆணையால் மயிலாப்பூர் உள்ளிட்ட பதுரவாதோ ஆயரகங்களின் அதிகாரத்தை நிறுத்தினார். பதுரவாதோ பக்கத்துக் கோவா குருக்கள் ஏற்கவில்லை. போர்த்துக்கல் அரசரின் ஒப்புதல் இல்லாமல் இப்படி ஓர் ஆணை செல்லாது என்றார்கள். சென்னையின் கோயில்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. மயிலாப்பூர் பக்கம் நின்றவற்றில் ராயபுரம் ராயப்பர் கோயிலும் ஒன்று.

இதை ஆயர்களின் பதவிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. தேவதிரவிய அனுமானங்களின் மேல் எல்லாமே நிற்கிற ஒரு மதத்தில், குருவின் அதிகாரம் கேள்விக்குள்ளானால் அடுப்படி வரை அதிர்ச்சி போகும். ஞானஸ்நானத்தில் சிக்கலில்லை, அவசரத்துக்கு யார் கொடுத்தாலும் செல்லும். விலக்கப்பட்ட குரு வைக்கும் பூசையும் பூசைதான், ஆனால் முறைதவறியது. பாவசங்கீர்த்தனம் அப்படியில்லை. அதிகாரம் பெறாத குரு கொடுக்கும் பாவமன்னிப்பு செல்லாது. கலியாணத்துக்கும் பங்குக் குரு சாட்சி நிற்க வேண்டும் என்பது திரெந்து சங்கம் வகுத்த விதி. அப்படியானால் ராயபுரத்துத் தாய் ஒருத்தியின் மகளுக்குக் கட்டிய தாலி திருச்சபை முன் செல்லுமா? போன பெரிய வியாழனுக்கு முன் சொன்ன பாவங்கள் மன்னிக்கப்பட்டனவா? நடுக்கடலில் போனவர் என்ன நிலையில் போனார்? ஆர்மேனியன் தெருவில் இருந்த விக்காரியரின் ஆட்கள் ஒரு பதில் சொன்னார்கள், சாந்தோமில் இருந்தவர்கள் வேறு பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் படித்தவர்கள், இரண்டு பக்கமும் பாப்பரசரின் பெயரைத்தான் சொன்னார்கள்.

இந்த நிலையில் படகுக்காரர்கள் ஏன் பழைய பக்கத்திலேயே நின்றார்கள்? அவர்களை அறியாதவர்கள் என்று எழுதிய மிஷனரிகள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கோயிலின் கல்லும் சுண்ணாம்பும் அவர்கள் துடுப்புக் கூலி. திருநாளை நடத்தியவர்கள் அவர்கள், தேரைச் சுமந்தவர்கள் அவர்கள். எங்கோ ஓர் ஆணை கிழிபட்டதற்காகவோ எழுதப்பட்டதற்காகவோ தாத்தன் கட்டிய கோயிலின் சாவியைப் புதிதாக வந்தவரிடம் கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. தங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தாய்தகப்பனை அடக்கம் பண்ணிய குருக்களின் வழியை விடவும் மனமில்லை. அது விசுவாசம்தான். அதன் விலையாக அவர்கள் மனச்சாட்சியில் சுமந்த பாரமும் உண்மை. 1857-ல் ஓர் உடன்படிக்கை, 1886-ல் இன்னோர் உடன்படிக்கை என்று லிஸ்பனும் ரோமாபுரியும் பேசி முடித்தன. மயிலாப்பூர் மீண்டும் முறையான மறைமாவட்டமாயிற்று, ஆயர் ரீட் த சில்வா வந்தார். இன்று நாம் பார்க்கிற சாந்தோம் பேராலயம் அவர் காலத்தில், 1890களில் எழுந்தது.

ஆனாலும் சென்னை நகரத்துக்குள் இரண்டு மறைமாவட்டங்கள் தொடர்ந்தன. ஒரு தெருவில் சென்னைப் பேராயர், அடுத்த தெருவில் மயிலாப்பூர் ஆயர். நாடு விடுதலை அடைந்த பிறகு, 1950-ல் போர்த்துக்கல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பரில் இரண்டும் இணைந்து சென்னை–மயிலாப்பூர் உயர்மறைமாவட்டமாயின. சலேசிய சபையைச் சேர்ந்த லூயிஸ் மத்தியாஸ் அதன் முதல் பேராயர். எப்பிரேம் சாமியார் கைதானதிலிருந்து கணக்கிட்டால் 303 ஆண்டுகள்.

அதன்பின் வந்த மாற்றம் வேகமானது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தது. சில ஆண்டுகளுக்குள் பீடம் திரும்பியது, பூசை தமிழில் ஆயிற்று. 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களை ரோமாபுரி அனுமதித்தது. காலணி கழற்றுவது, கைகூப்பிச் சமாதானம் சொல்வது, ஆராத்தி எடுப்பது போன்றவை அவற்றில் அடக்கம். கடற்கரைக் கோயில்களில் இவற்றில் பாதி ஏற்கனவே வழக்கத்தில் இருந்தவை. தேருக்கு உப்பும் மிளகும் வீசி நேர்த்திக்கடன் செலுத்துவதற்கும், பிள்ளைக்கு மொட்டையடிப்பதற்கும், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பதற்கும் யாரும் ரோமாபுரியின் அனுமதிக்குக் காத்திருந்ததில்லை.

தொடக்கத்தில் விட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மீன்காரனின் ஞாயிறு திருச்சபைக்குப் புதிய கேள்வியில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நார்வே நாட்டுப் பேராயர் இதைப் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தரிடம் கேட்டிருக்கிறார். ஹெரிங் என்னும் மத்தி இனத்து மீன் கூட்டமாகக் கரையோரம் வரும் நாள் ஞாயிறாக இருந்தால் என்ன செய்வது? பெரிய திருநாட்கள் நீங்கலாகப் பிடிக்கலாம், பிடித்ததில் தகுந்த பங்கைப் பக்கத்துக் கோயில்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே ஏறியது. கன்னியாகுமரிக் கடலோர ஊர்களில் மீன்பாட்டில் கோயிலுக்கு ஒரு பங்கு ஒதுக்கும் குத்தகை முறையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு அந்நியமாகப் படாது. 1917-ல் தொகுத்த சட்டநூல் ஞாயிற்றுச் சந்தைகளைத் தடுத்தது, ஆனால் நெடுநாள் வழக்கம் உள்ள இடங்களுக்கு விலக்கு வைத்தது. 1983-ன் புதிய சட்டநூல் சனிக்கிழமை மாலைப் பூசையையே ஞாயிற்றுக் கடமைக்குப் போதும் என்று உறுதிப்படுத்தியது. ஞாயிறு விடியலில் ஏலத்தில் நிற்கிற கத்தோலிக்கப் பெண்ணுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆண்டின் நாட்காட்டியும் இப்படியே பொருந்திவருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் லாஞ்சுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். தடை முடிந்து இரண்டு வாரத்தில், ஜூன் 29 அன்று, ராயப்பர் சின்னப்பர் திருநாள் வருகிறது. திருச்சபை அந்தத் தேதியைக் குறித்தது முதல் நூற்றாண்டுகளில். அரசு தடைக்காலம் குறித்தது மீன் முட்டையிடும் பருவத்தைப் பார்த்து. ஆனால் கடலில் முதல் வரும்படி பார்த்த கையோடு வருகிற திருநாள் என்பதால் கரைக்கு அது இன்று இரட்டைக் கொண்டாட்டம்.

சாவுக்கு மட்டும் இன்னும் முழுத் தீர்வு இல்லை. இறந்தவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுத்திகரிக்கப்படுகிறார்கள், உயிரோடிருப்பவர்கள் வைக்கும் பூசையும் செபமும் அவர்களுக்கு உதவும் என்பது கத்தோலிக்க விசுவாசம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகும். கடல் உடலைத் திருப்பிக் கொடுக்காத குடும்பம் எங்கே போகும்? பழைய வழிபாட்டு முறையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. தும்பா என்று வெற்றுப் பெட்டியைப் பீடத்தின் முன் வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, மெழுகுவர்த்திகள் ஏற்றுவார்கள். உடல் இருப்பதாகவே கருதிச் சாமியார் அதைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளிப்பார், தூபம் காட்டுவார். அழ ஓர் இடமாவது கிடைத்தது. 1969-ல் அடக்கச் சடங்கைத் திருத்தியபோது, உடல் இல்லாமல் அந்த இறுதி விடைகொடுப்பை நடத்தக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். உடலுக்குரிய மரியாதையை உடலுக்கே வைக்க வேண்டும் என்ற நியாயம் அதில் உண்டு. கடலோரத்தை மனதில் வைத்து எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இப்போது பூசை வைக்கிறார்கள், போனவரின் போட்டோவுக்கு மாலை போடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நாட்காட்டியில் அன்று திருக்குடும்பத் திருநாள். காலை ஒன்பது மணியை ஒட்டிச் சென்னைக் கரையில் கடல் ஏறியபோது பல கோயில்களில் பூசை நேரம். அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் காசிமேட்டுக் கரையில் பாலூற்றிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அன்று ஞாயிறு வராத ஆண்டுகளில், திருச்சபையின் நாட்காட்டியில் டிசம்பர் 26 முதல் வேதசாட்சியான முடியப்பரின் திருநாள். ஆகவே அன்று குரு உடுத்துவது சிவப்பு, பீடத்தில் வாசிப்பது முடியப்பரைக் கல்லெறிந்து கொன்ற வரலாறு. பூசைக் கருத்தாக எழுதிக் கொடுக்கப்படுவது கடலில் போனவர்களின் பெயர்கள்.

(தொடரும்)